ஒருக்காக் காணும்

கீழ்வீட்டு மனுசன் எதையும் இரண்டாந்தரம் சொல்லமாட்டார்.

ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோனது யூரோக் காசு வந்த வருசம். நாங்கள் இரண்டாம் மாடி. எங்களுக்கு நேர் கீழே அவரும் அவருடைய மனுசியும். சாமான் ஏற்றி முடிந்ததும் நான் குப்பையைக் கொண்டு கீழே இறங்கினேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல உயரம். நரைத்த தலைமயிரை எண்ணெய் வைத்துப் பின்னுக்கு இழுத்து வாரியிருந்தார். எந்தத் தொட்டிக்குள் எது போடவேணும் என்று டொச்சில், அதுதான் ஜேர்மன் பாஷையில், சொன்னார். அவருடைய டொச் ஒரு மாதிரி. வாய்க்குள் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு கதைப்பது போல இருக்கும். எனக்குப் பாதி விளங்கவில்லை.

"பிற்றே?" என்றேன். திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்க எனக்கு அப்போது தெரிந்த ஒரே சொல் அது.

என்னைப் பார்த்தார். படியேறிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை யன்னலால் பார்க்கிறேன், நான் போட்ட பையை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறார். பிழையாய்ப் போட்டதை எல்லாம் எடுத்துச் சரியான தொட்டிக்குள் போட்டார். முகத்தில் கோபம் இல்லை. நான் பழகும்வரை அப்படியே செய்தார். வாயால் சொன்னது ஒருக்காத்தான்.

வணக்கமும் அப்படித்தான். காலமை படியில் கண்டால் தலையை ஆட்டி வணக்கம் சொல்லுவார். பின்னேரம் கண்டால் சுவரைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டு போவார். என்ர மனுசிக்கு அது பொறுக்கவில்லை.

"காலமை நல்லாத்தானே தலையாட்டினவர். இப்ப ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறார்? எங்கட நிறம் பின்னேரத்திலதான் அவருக்குத் தெரியுதோ?"

"நீர் சும்மா இரும்" என்றேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவைப் படியில் பிடித்து, தன்னுடைய அரைகுறை டொச்சில் கேட்டேவிட்டாள். அந்த அம்மா டொச்சுக்காரி. முந்தி ஒரு பேக்கரியில் நின்று பாண் விற்றவ. சிரிக்கத் தொடங்கினால் நாலு மாடிக்கும் கேட்கும்.

"அவர் கூடாத ஆளில்லை, பிள்ளை. அவருக்கு எதுவும் ஒருக்காத்தான். என்னைக் கலியாணம் கேட்டதும் ஒருக்காத்தான். அண்டைக்கு எனக்குக் காது அடைக்காமல் இருந்தது அதிர்ஷ்டம்."

அந்தத் தைப்பொங்கலுக்கு அவர்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். அவர் போட்டதைச் சாப்பிட்டு முடித்தார். என்ர மனுசி பருப்புக் கறியோடு வந்தாள். "இன்னும் கொஞ்சம்?" என்றாள். அவர் "ஒருக்காக் காணும்" என்று சொல்லி, போதும் என்று தட்டுக்கு மேல் கையை விரித்து மூடினார்.

எங்கள் ஆட்களிடம் தட்டை மூடினால் அதற்கு என்ன அர்த்தம்? வெட்கப்படுகிறார், போடு என்றுதானே அர்த்தம். அவள் போட்டாள். சுடச்சுடப் பருப்பு அவருடைய புறங்கையில் விழுந்து, விரல்களுக்குள்ளால் வழிந்தது.

அவர் கையைப் பார்த்தார். என்ர மனுசியைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. ஏற்கெனவே சொல்லிவிட்டாரே. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அவ உட்கார்ந்திருந்த கதிரை ஆடியது. கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே துணியை எடுத்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்துவிட்டா.

அடுத்த முறை வந்தபோது என்ர மனுசி புத்தியாய் நடந்தாள். "இரண்டாந்தரம் போட ஏலாதெண்டா முதல்தரமே போட்டால் போச்சு" என்று எல்லாவற்றையும் ஒன்றாய் மலைபோலக் குவித்து வைத்தாள். அந்த மனுசன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு படியிறங்கிப் போக வெகுநேரம் எடுத்தது.

அவர் பாட்டுக்காரர் என்பதை அந்த அம்மாதான் எங்களுக்குச் சொன்னா. அமெரிக்காவில் தெற்குப் பக்கம், பருத்தி விளைகிற ஊர். அங்கே ஒரு ரேடியோக் கடைக்குப் பின்னால் சின்ன அறை ஒன்றில் இசைத்தட்டுப் பதிவார்களாம். இவர் இருபது வயதுகூட ஆகாத பொடியன். கிற்றாரோடு போய்ப் பாடினார். நடுவில் ஒரு இடத்தில் இருமல் வந்துவிட்டது. கடைக்காரர் நல்லாயிருக்கு, இருமலில்லாமல் இன்னொருக்காப் பாடு என்றார்.

"பாடிப்போட்டன்" என்று சொல்லிவிட்டு இவர் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அன்றைக்கு இவருக்குப் பின்னால் வந்த பொடியன் ஒரே பாட்டைப் பொழுதுபடும்வரை பாடினான். அவன் பிறகு கொஞ்சக் காலம் பெரிய காரில் திரிந்தானாம். இவருடைய இசைத்தட்டு இருமலோடு கொஞ்சம் வெளிவந்தது. ஆரும் வாங்கவில்லை. இவர் அமெரிக்க ஆமியில் சேர்ந்து, பட்டாளத்தோடு ஜேர்மனிக்கு வந்தார். வந்தவர் வந்ததுதான்.

"இஞ்சை ஆமிக்காரற்ற கிளப்பில நான் பியர்க் கிளாஸ் தூக்கிக் குடுக்கிற வேலை" என்றா அந்த அம்மா. "இவர் அந்தப் பாட்டைப் பாடினார். நான் தட்டோட அப்பிடியே நிண்டுட்டன். திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டன். மாட்டன், உனக்குப் பாடிப்போட்டன் எண்டார். அடுத்த கிழமை போனன், வேற பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டை இண்டைவரைக்கும் எனக்குத் திரும்பப் பாடேல்லை. நாப்பது வருசத்துக்கு மேல கேக்கிறன்."

அவர் பக்கத்தில்தான் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். மறுக்கவில்லை.

ஒருநாள் நிலவறையில் என்ர சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே கம்பி வலை போட்ட சின்ன அறை உண்டு. அவருடைய அறையில் மேல் தட்டில் கிற்றார்ப் பெட்டி கிடந்தது. மேலே தூசி. அவரும் ஏதோ எடுக்க வந்தார். நான் அதிகம் கதைக்கிற ஆளில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"ஏன் திரும்பப் பாடினா என்ன?"

கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தார்.

"முதல்தரம் பாடேக்க நீர் பாட்டைப் பாடுறீர். ரெண்டாந்தரம் பாடேக்க முதல்தரம் பாடினதைப் பாடுறீர்."

நான் ஒரு ஹோட்டலில் பீங்கான் கழுவுகிறவன். கழுவிய பீங்கானே அரை மணித்தியாலத்தில் திரும்பி வரும். எனக்கு அவர் சொன்னது விளங்கியது என்று சொல்லமாட்டேன். மறக்கவில்லை.

பிறகு ஒரு வருசம், இலையுதிர்காலம், அந்த அம்மா படியில் என்ர மனுசியைப் பார்த்து, "நீங்கள் இந்த வீட்டுக்குப் புதுசோ?" என்று கேட்டா. என்ர மனுசி பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அதுதான் தொடக்கம்.

மறதி வருத்தம் என்று டொக்டர் சொன்னாராம். கேட்டதையே கேட்பா. அவர் ஒருக்கா மறுமொழி சொல்லுவார். அவ திரும்பக் கேட்பா. அவர் பேசாமல் இருப்பார். எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், வெந்நீர்க் குழாய் கீழ்வீட்டிலிருந்து வருகிறது. அதன் வழியாய் எல்லாம் கேட்கும். "ஆர் அது? ஆர் நிக்கிறது?" என்ற சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. பிறகு அழுகை கேட்கும்.

அந்தக் காலத்தில்தான் பார்த்து அந்தப் பொடியனும் வந்து சேர்ந்தான். பொடியன் என்றாலும் முப்பது வயது இருக்கும். டொச்சுக்காரன். தலைமயிரை முன்னுக்குச் சுருட்டித் தூக்கி, காற்சட்டையைக் காலில் மடித்து விட்டிருந்தான். ஐம்பது வருசத்துக்கு முந்திய படத்திலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி. கையில் ஒரு இசைத்தட்டு, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தான். பிழையான மணியை அடித்து எங்களிடம் வந்துவிட்டான். படியில் நின்றே எனக்குப் பாடம் எடுத்தான். இது ரொக்கபிலி என்கிற பாட்டு வகை. கிற்றாரும், ஆளுயரப் பேஸ் வாத்தியமும். மேளமே வேண்டாம், பேஸ் நரம்பைக் கையால் அறைகிற சத்தத்திலேயே கால் தன்பாட்டில் ஆடும். இந்த மனுசன் அதில் முதல் வரிசை. ஆருக்கும் தெரியாது. அந்த இருமலுக்காகவே இந்தத் தட்டைத் தேடித் திரிகிறவர்கள் இருக்கிறார்களாம்.

"உங்களுக்குக் கீழ ஆர் இருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றான்.

"குப்பை பிரிக்கத் தெரிஞ்சவர்" என்றேன்.

கீழே கூட்டிக்கொண்டு போனேன். இசைத்தட்டிலும் அதன் உறையிலும் கையெழுத்துக் கேட்டான். அவர் இசைத்தட்டில் வைத்தார். உறையை நீட்டினான். பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

வசந்தத்தில் ஒரு விழா நடக்கிறதாம். இந்தப் பாட்டை அவர் பாடவேணுமாம். சனி பின்னேரம் ஒருக்கா, ஞாயிறு மத்தியானம் ஒருக்கா.

"மாட்டன்" என்றார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தான். திரும்பக் கேட்டான். அவர் மறுமொழி சொல்லவில்லை. கதவும் சாத்தவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டு அவனைப் பார்த்தபடி நின்றார். பொடியன் தவித்துப்போனான். நான் வேலைக்குப் போக இறங்கி வந்தேன்.

"என்ன அண்ணை, இவர் ஓமெண்டிறாரோ இல்லையெண்டிறாரோ?" என்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"மாட்டன் எண்டு சொன்னவர்தானே" என்றேன்.

"எப்ப சொன்னவர்?"

"போன மாசம்."

கீழ்வீட்டாருக்கு ஒரே மகள். லைப்சிக்கில் இருந்தா. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தவ எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தா. என்ர மனுசி தேத்தண்ணி கொடுத்தாள்.

"உங்களுக்கு மேல கேக்குமே? அம்மா கேக்கிறதும், பப்பா பேசாமல் இருக்கிறதும்?"

"கேக்கும்" என்றேன்.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. சப்பாத்து நாடா கட்ட ஒருக்காக் காட்டித் தந்தார். எனக்குப் பிடிபடேல்லை. பாலர் பள்ளியில ரீச்சர்தான் பழக்கினவ." தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தா, குடிக்கவில்லை. "அவர் பொல்லாதவர் இல்லை. ஆனா நூறுதரம் கேக்கிற ஒரு ஆளை அவரால பாக்க ஏலாது. என்ர வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில அம்மாவுக்கு ஒரு கட்டில் இருக்கு. ஈஸ்டர் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள அவ இப்பிடியே அழுதுகொண்டு திரிஞ்சா, கூட்டிக்கொண்டு போயிடுவன்."

"அப்பாவும் வரலாமோ?" என்று கேட்டாள் என்ர மனுசி.

"ஒரு கட்டில்தான்."

"அவருக்குச் சொன்னியளோ?"

"ஒருக்காச் சொன்னன். அவருக்கு அது காணும்."

மாசி மாதம். பனி கொட்டியது. நான் காலை வேலை முடிந்து ட்ராமால் இறங்குகிறேன், தரிப்பிடத்தில் அந்த அம்மா வீட்டுச் செருப்போடு நிற்கிறா. மேல்கோட்டு இல்லை. என்ர ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தேன். "என்ர மனுசனைக் காணேல்லை, அவர் சொல்லாமல் போயிட்டார்" என்று வழி முழுக்கச் சொன்னா. வீட்டு வாசலில் அவர் பாண் பையோடு நின்றார்.

"கடைக்குப் போறன் எண்டு சொன்னனான்" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

என்ர மனுசி சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். அம்மாவின் செருப்பைப் பார்த்தாள். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. டொச் போதாது, தமிழிலேயே கொடுத்தாள்.

"அந்த மனுசி உறைஞ்சு செத்திருக்கும். திருப்பி ஒருக்காச் சொன்னா இவற்ற வாயில இருக்கிற முத்தே உதிர்ந்திடும்?"

அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்றா?"

"அவ ஒருக்காத்தான் சொல்லுவா" என்றேன்.

அவருடைய வாயின் ஓரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்போ என்னவோ தெரியாது. மனுசியின் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப் போனார்.

அடுத்த நாளும் குழாயில் சத்தம் வந்தது.

"ஆர் அது?"

"நான்தான்."

கொஞ்சம் பொறுத்து, "ஆர் அது?"

"நான்தான்."

என்ர மனுசி வெங்காயம் வெட்டுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பார்த்தேன். இன்னும் இரண்டு மூன்று தரம் கேட்டது. அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. இழுத்துச் சொல்லவில்லை. ஆரோ இப்பதான் வந்து கதவைத் தட்டிக் கேட்டதுபோலச் சொன்னார். நான் பீங்கான் கழுவுவது அப்படியில்லை. முதலாவது பீங்கானுக்கும் கடைசிப் பீங்கானுக்கும் என்ர முகம் ஒன்றில்லை என்று எனக்கே தெரியும்.

அந்தக் குளிர் முழுக்க அப்படித்தான். ஆர், எங்கே, என்ன நாள், சாப்பிட்டேனா, மகள் பள்ளியால் வந்துவிட்டாளா. எல்லாவற்றுக்கும் மறுமொழி வந்தது. அழுகை குறைந்தது. ஒருநாள் நிலவறைக்குப் போனபோது அவருடைய மேல் தட்டில் பெட்டி இல்லை. தூசியில் அதன் அளவுக்கு ஒரு துப்பரவான இடம் மட்டும் இருந்தது.

ஈஸ்டருக்கு முதல் நாள் மகள் காரில் வந்தா. வெறும் சூட்கேஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறியதை என்ர மனுசி யன்னலால் கண்டாள். உடனே வடை சுட்டாள். துக்கம் வந்தால் அவள் எதையாவது பொரிப்பாள்.

"இஞ்சேருங்கோ, இதைக் குடுக்கிற சாட்டில ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

போனேன். கதவு திறந்திருந்தது. படியில் அந்தச் சுருட்டைத் தலைப் பொடியன் உட்கார்ந்திருந்தான். விழா வரப்போகிறது, கடைசியாய் ஒருக்காக் கேட்க வந்திருக்கிறான். உள்ளே போகத் துணிவில்லை. நான் அவனைத் தாண்டிப் போய்க் குசினி வாசலில் வடையோடு நின்றேன்.

சூட்கேஸ் மேசையில் திறந்து கிடந்தது. மகள் தாயின் உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தா. அம்மா யன்னல் ஓரத்தில். அவர் எதிரில் கதிரையில், கிற்றார் மடியில்.

"ஆர் அந்தப் பெட்டை?" என்று கேட்டா அம்மா.

"எங்கட மகள்."

"என்னத்தை அடுக்கிறா?"

"உன்ர உடுப்பு."

"ஆர் அந்தப் பெட்டை?"

"எங்கட மகள்."

மகளுடைய கை நின்றது. தகப்பனைத் திரும்பிப் பார்த்தா. அவர் பார்க்கவில்லை. அம்மாவின் கண் கிற்றாரில் இருந்தது.

"நீங்கள் ஒரு பாட்டுப் பாடினனீங்கள்" என்றா. "கிளப்பில. பிறகு எனக்கு அதைத் திரும்பப் பாடவேயில்லை."

அவர் பாடினார்.

எனக்கு அந்த வகைப் பாட்டுத் தெரியாது. இங்கிலீசும் தெரியாது. குரல் கரகரத்தது. மேலே போகவேண்டிய இடத்தில் போகவில்லை, கால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. வெளியே படியில் பொடியன் எழும்பி நிற்கிற சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தது. அம்மா கைதட்டினா. பருப்பு விழுந்த நாளில் சிரித்த அதே சிரிப்பு. எங்கள் வீட்டுக்கும் கேட்டதாம்.

பிறகு சிரிப்பு நின்றது. கிற்றாரைப் பார்த்தா.

"நீங்கள் ஒரு பாட்டுப் பாடினனீங்கள். கிளப்பில. பிறகு எனக்கு அதைத் திரும்பப் பாடவேயில்லை."

மகள் கண்ணை மூடிக்கொண்டா. அவர் தொடங்கினார். முந்தியதைவிட மெதுவாய். முந்தியதைவிட நல்லாயிருந்தது என்று எனக்குப் பட்டது. அது முடியவும் அம்மா கைதட்டினா, சிரித்தா, கேட்டா. அவர் பாடினார்.

பொடியன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். சின்ன ஒலிப்பதிவு மெஷின் ஒன்று கையில். விரல் பொத்தானில். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"இது உமக்கில்லை" என்றேன்.

அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்தான். ஒரு வடையை அவனுடைய கையில் கொடுத்து, அவனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

திரும்பிப் பார்க்கும்போது மகள் சூட்கேசுக்குள்ளிருந்து கம்பளிச் சட்டை ஒன்றை எடுத்து, மடிப்பைக் குலைத்து, தாயின் தோளில் போட்டுக்கொண்டிருந்தா. யன்னல் ஓரம் குளிரும். பிறகு சூட்கேசை மூடிக் கீழே, சுவரோரம் வைத்தா. அது வெறுமையாய்த்தான் காருக்குத் திரும்பிப் போனது.

அந்த அம்மா பிறகும் இரண்டு குளிர்காலம் அந்த வீட்டிலேயே இருந்து, அங்கேயே கண்ணை மூடினா. செத்த வீட்டுக்கு நாங்கள் போனோம். அவர் எங்களுக்குக் கைகொடுத்தார், ஒருக்கா. அதற்குப் பிறகு கிற்றார்ச் சத்தம் கேட்கவில்லை. நாங்களும் வேறு இடம் மாறிவிட்டோம். அவரும் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று மகள் என்ர மனுசிக்கு எழுதினா.

எனக்கு ஞாபகம் நிற்பது அந்த ஈஸ்டர் முடிந்த கிழமை. குப்பை கொண்டு இறங்கினேன். அவர் கடதாசித் தொட்டியடியில் நின்று ஒரு அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார். காலமை வணக்கம் சொல்லியாயிற்று, அதனால் சொல்லவில்லை. எனக்குச் சும்மா போக மனம் வரவில்லை.

"அண்டைக்கு அந்தப் பாட்டை எத்தினையோ தரம் பாடினியள்" என்றேன்.

பெட்டியைத் தொட்டிக்குள் போட்டார். மூடியை மெதுவாய் இறக்கினார்.

"ஒருக்காத்தான்" என்றார்.

"பிற்றே?" என்றேன்.

அவர் படியேறிப் போய்விட்டார்.